நான் என்பதும் இறை என்பதும்

(திருவண்ணாமலை, இரமணாசிரமத்தை அடுத்த பகுதியில் குடமுழுக்கு விழாவின்போது ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணாமலையான் திருவடி நிழலில், கிரிவலம் வரும் அடியார்கள் நாள்தோறும் நடந்து செல்லும் இவ்வீதியில், குடமுழுக்கு இனிது நிறைவெய்திய இந்நன்னாளில் உங்கள்முன் நின்று சில சொற்கள் பகரும் பேறு அடியேனுக்குக் கிட்டியது. விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்போ சற்று அயலானது. ஜெர்மனி நாட்டுத் தத்துவ ஞானிகள் கடவுளையும் 'நான்' என்னும் பொருளையும் பற்றிக் கண்ட முடிவுகளைக் கூறுக என்றனர். யாகசாலைப் புகை இன்னும் அடங்காத இடத்தில் ஜெர்மனிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணுதல் கூடும். அவ்வையத்தை முதற்கண் நீக்குவது என் கடன்.

மூன்று நாட்களுக்கு முன் இத்திருக்கோயிலின் தென்மதிலைத் தம் பொருளால் கட்டுவித்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "ஐயா, ஆசிரமத்திற்குச் சென்றால் 'நான் யார் என்று உள்ளே நாடு' என்கிறார்கள். இறைவன் உள்ளேயே இருக்கிறான் என்றால், கல்லுக்கும் சுதைக்கும் நான் கொடுத்த பொருளெல்லாம் வீண்தானா? வெளியே கோயில் கொண்டிருப்பவன்தான் இறைவன் என்றால், அந்த மகான் ஏன் அப்படிச் சொன்னார்?" என்று கேட்டார். அவர் வாதத்திற்காகக் கேட்கவில்லை. குரலில் உண்மையான கலக்கம் இருந்தது. வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஈந்தவர் அல்லரோ!

அன்பர்களே, இதே வினாவைத்தான் ஜெர்மானிய அறிஞர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் தமக்குள் போராடி ஆராய்ந்தனர். அதன் பொருட்டு ஒருவர் அரசனின் சினத்திற்கு ஆளானார்; ஒருவர் ஆசிரியப் பதவியையே இழந்தார். ஆகலின் அவர்தம் வரலாறு நம் பெரியவரின் வினாவுக்கு விடை காணத் துணை செய்யும்.

ஜெர்மனிக்கும் நம் ஞான நூல்களுக்கும் உள்ள உறவு நேற்றுத் தோன்றியதன்று. நன்னிலம் தாண்டவராய சுவாமிகள் அருளிய கைவல்ய நவநீதம் இரமணாசிரமத்தில் பெரிதும் மதித்து ஓதப்பெறும் நூல். அந்நூலைக் கார்ல் கிரௌல் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் தமிழகம் வந்து தமிழ் பயின்று சென்று, 1854-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் தம் தாய்மொழியில் வெளியிட்டார். பின்னர் 1896-ஆம் ஆண்டில் ஓர் இணைவு நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவர் அருணாசலேசுவரர் திருமுன் வந்து நின்றார். அதே செப்டம்பரில் சுவாமி விவேகானந்தர் ஜெர்மனியின் கீல் நகருக்குச் சென்று, வேதாந்தப் பேரறிஞராகிய பால் டாய்சனைக் கண்டு அளவளாவினார். பிற்காலத்தில் லூசி கார்னெல்சன் என்னும் ஜெர்மானிய அம்மையார் இரமணரின் நூல்களைத் தமிழிலிருந்தே தம் மொழிக்கு ஆக்கி, இம்மலையடிவாரத்திலேயே வாழ்ந்தார். எனவே இன்று ஜெர்மனியைப் பற்றிப் பேசுவது அயல்வீட்டுக் கதை பேசுவதன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். அறிவே முதற்பொருள், சடவுலகம் அதனைச் சார்ந்து விளங்குவது என்னும் கொள்கையைக் கருத்துமுதற் கொள்கை என்பர். ஜெர்மனியில் இதற்கு வித்திட்டவர் இம்மானுவேல் காண்ட் (1724–1804). சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனாகக் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த இவர், 1781-இல் தூய அறிவின் ஆராய்ச்சி என்னும் பெருநூலை வெளியிட்டார். உயிர், உலகு, கடவுள் என்னும் மூன்றைப் பற்றியும் மனிதன் அறிவு ஓயாது வினவுகிறது. ஆயினும் இம்மூன்றையும் மேசையையும் நாற்காலியையும் அறிவதுபோல் புலப்பொருளாக அறிதல் இயலாது என்று அவர் நிறுவினார். நம் பகவான் இரமணர் 1928-இல் அருளிய உள்ளது நாற்பதில் உலகு, உயிர், கடவுள் என்னும் இம்மூன்றையே முதலில் எடுத்துக்கொண்டு ஆராய்வதை நீங்கள் அறிவீர்கள். இரு பேரறிவுகள் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில் ஒரே வாயிலில் வந்து நின்றன.

காண்ட் மற்றொன்றும் கூறினார். 'நான் நினைக்கிறேன்' என்பது நம் எல்லா எண்ணங்களோடும் உடன் வருதற்குரியது. அந்த 'நான்' இன்றேல் எண்ணங்கள் ஒருவனுடையவை ஆகா. ஆயினும் அந்த 'நான்' எத்தகைய பொருள் என்று கேட்டால், அதனைக் காட்டுதற்கில்லை. காண்பவன் காணப்படுபொருள் ஆவதில்லை. இவ்வளவில் காண்ட் நின்றுவிட்டார். கடவுளை அறநெறியின் வாயிலாக நம்பலாமேயன்றி அறிவால் எட்டலாகாது என்பது அவர் துணிபு. 1793-இல் சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூலுக்காகப் பிரஷ்ய மன்னன் மறு ஆண்டிலேயே அவரைக் கண்டித்து ஆணை விடுத்தான்.

காண்ட் நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியவர் ஃபிக்டே (1762–1814). நாடா நெய்யும் ஏழை ஒருவரின் மகன். யேனா பல்கலைக்கழகத்தில் இவர் பாடம் நடத்திய முறையை, அவையிலிருந்து கேட்ட ஸ்டெஃபன்ஸ் என்பார் எழுதி வைத்துள்ளார். ஃபிக்டே மாணவரை நோக்கிச் சுவரை நினைக்கச் சொல்வார். எல்லோரும் எளிதில் நினைத்தனர். பின்னர்ச் சுவரை நினைத்தவன் எவனோ அவனை நினையுங்கள் என்பார். அவ்வளவில் அவை குழம்பிவிடும். வெளியே சென்று பழகிய மனத்தைத் தன்பால் திருப்பும் வகை அறியாது மாணவர் திகைத்தனராம்.

தென்மதில் கட்டுவித்த பெரியவருக்கு நான் இக்கதையையே முதலிற் சொன்னேன். "ஐயா, நீர் கட்டுவித்த மதிலை நினைப்பது எளிது. அதை நினைப்பவனை நாடிப் பாரும்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

ஃபிக்டே கேட்ட கேள்வியைப் புத்தகமின்றி, ஆசிரியனின்றித் தாமே கேட்டுக்கொண்டவர் மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் வாழ்ந்த அச்சிறுவர். 1896 சூலைத் திங்களில் திடீரென மரண பயம் அவரைப் பற்றியது. அவர் மருத்துவனை அழைக்கவில்லை, உற்றாரைக் கூவவில்லை. பிணம்போல் நீட்டிப் படுத்து, இவ்வுடல் சாகிறது, சுடுகாட்டுக்குப் போகிறது, ஆனால் 'நான்' சாகிறேனா என்று தம்முள் ஆழ்ந்தார். உடல் அசைவற்றுக் கிடக்கவும் 'நான்' என்னும் உணர்வு ஒளிர்வதை நேரே கண்டார். அன்றோடு மரண பயம் அகன்றது. யேனாவின் மாணவர் திகைத்த இடத்தில் மதுரையின் மாணவர் மூழ்கினார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. நினைப்பவனை நினைக்கப் புகுந்தால், அவ்வாறு நினைப்பதற்கு மற்றொரு நினைப்பவன் வேண்டும். அவனை நினைக்க இன்னொருவன் வேண்டும். இது முடிவின்றி நீளும். ஃபிக்டேயும் இதனை நன்குணர்ந்தவரே. ஆகலின், 'நான்' தன்னைத் தானே இடையீடின்றி அறியும் நேருணர்வு ஒன்று உண்டு என்று அவர் கொண்டார். இரமணரோ இதனைக் கொள்கையாக நிறுத்தவில்லை, பயிற்சியாகத் தந்தார். தத்துவ பாடம் பயின்று அரசாங்க வருவாய்த் துறையிற் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, 1902-ஆம் ஆண்டளவில் விரூபாட்ச குகைக்குச் சென்று வினவியபோது, மௌனத்திலிருந்த இளந்துறவி எழுதிக் காட்டிய விடைகளே 'நான் யார்' என்னும் சிறுநூலாயின. எந்த எண்ணம் எழுந்தாலும் இது யாருக்கு என்று வினவுக; எனக்கு என்று தோன்றும்; அந்த நான் யார் என்று நாடினால் மனம் தன் பிறப்பிடத்திற்குத் திரும்பும் என்பது அதன் சாரம். ஃபிக்டே 'நினைப்பவனை நினை' என்றார். இரமணர் நினைப்பவன் எங்கிருந்து எழுகிறான் என்று அங்கேயே ஒடுங்கச் சொன்னார். சிறு வேற்றுமைபோல் தோன்றினும், வரைபடத்தில் மலையைக் காண்பதற்கும் மலையை வலம் வருவதற்கும் உள்ள தொலைவு இதில் உண்டு.

இனி, உள்ளே நாடுபவனுக்கு இறைவன் வேண்டுமா என்னும் வினா. 1798-இல் ஃபிக்டே எழுதிய கட்டுரையில், இறைவன் உலகுக்கு வெளியே தனித்திருக்கும் ஓர் ஆள் அல்லன். உயிர்ப்போடு நிலவும் அறவொழுங்கே இறை என்றார். உடனே நாத்திகர் என்னும் பழி எழுந்தது. 1799-இல் யேனாவில் தம் பதவியை இழந்து பெர்லினுக்குச் சென்றார். உள்முகமாக நாடுவோரைக் கடவுளை மறுப்போர் என மயங்குவது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே.

ஆனால் 1806-இல் பெர்லினில் அவர் நிகழ்த்திய பேரின்ப வாழ்வு பற்றிய சொற்பொழிவுகளைப் படிப்போர் வியப்படைவர். மனிதன் தான் ஏதேனும் ஒன்றாக இருக்க விரும்பும்வரை இறைவன் அவனிடம் வருவதில்லை. தன்னை முற்றும் இழந்தவிடத்து எஞ்சுவது இறைவன் ஒருவனே என்னும் கருத்தை அங்கே அவர் விளக்குகிறார். 'நான்' என்பதைத் தத்துவத்தின் முதற்கல்லாக நாட்டியவரே, இறுதியில் அந்தச் சிறிய நானைப் பலியிடச் சொல்கிறார். இது நாத்திகம் ஆமோ?

அவருக்குப்பின் வந்த ஷெல்லிங் (1775–1854) 1809-இல் மனித விடுதலையைப் பற்றி எழுதிய நூலில் தீமையின் வேரை ஆராய்ந்தார். தன்விருப்பு என்பது தன்னளவில் தீதன்று. முழுமைக்கு அடங்கி நிற்கவேண்டிய அது, தானே நடுவிடம் என்று தருக்கி எழும்போது தீமையாகிறது. உடலின் ஓர் உறுப்பு உடலுக்காக வாழாது தனக்கெனத் தனியே வாழ முற்படின் அதுவே நோயாவதுபோல என்றார். சைவ சித்தாந்தம் பயின்ற உங்களுக்கு இது புதிதன்று. உயிரின் பேரறிவைச் சிற்றறிவாகக் குறுக்கி, 'யான் எனது' எனச் செருக்க வைக்கும் மூலமலமாகிய ஆணவத்தை நம் ஆசாரியர்கள் செம்பிற் களிம்பு என உவமித்தனர். உயிரை அழிக்கவேண்டுவதில்லை, களிம்பே நீங்கவேண்டும்.

இறுதியாக ஹெகல் (1770–1831). ஷெல்லிங்கோடு ஒரே விடுதியில் தங்கி இறையியல் பயின்றவர். பெர்லினில் 1821, 1824, 1827, 1831 ஆகிய நான்கு ஆண்டுகளில் சமயத்தின் தத்துவம் குறித்து விரிவுரைகள் நிகழ்த்தினார். இறைவன் எட்டாத தொலைவில் இருப்பவன் மட்டும் அல்லன். மனிதன் இறைவனை அறியும் அறிவிலேயே இறைவன் தன்னை அறிந்து விளங்குகிறான் என்பது அவர் கொள்கை. உயிர் தானாக அறிவதில்லை, இறைவன் அறிவிக்கவே அறிகிறது என்னும் சித்தாந்தக் கோட்பாட்டை அடுத்து நிற்பது இது. இரண்டும் ஒன்றெனச் சொல்லுதல் மட்டும் பொருந்தாது.

ஹெகல் நம் நாட்டைப் பற்றி ஒரு குறை கூறினார். இந்தியரின் பிரமம் பண்பேதும் அற்ற வெறுமை; அதில் ஆழ்வோன் தன்னறிவையும் செயலையும் இழந்த சூனியத்தில் கிடக்கிறான் என்றார். 1827-இல் கீதையைப் பற்றி ஹம்போல்ட் நிகழ்த்திய உரைகளுக்கு எழுதிய நீண்ட மதிப்புரையிலும் இக்கருத்தே தலைதூக்கி நிற்கும். கைவல்ய நவநீதம் ஜெர்மானிய மொழியிற் சென்றது ஹெகல் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்பே. ஆகலின் அவரை வெகுளுதல் வேண்டா. அவர் கூறிய குறை மெய்தானா என்று நோக்குவதே முறை.

வெறும் மன ஒடுக்கம் ஞானமன்று என்பதை இரமணரே வற்புறுத்திக் கூறியுள்ளார். அவர் சொல்லும் கதை ஒன்றுண்டு. கங்கைக் கரையில் யோகி ஒருவர் சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவன் வருமுன் சமாதியில் ஆழ்ந்து, நெடுங்காலம் அப்படியே இருந்தார். விழித்தபோது அவர் வாயிலிருந்து எழுந்த முதற்சொல் தண்ணீர் எங்கே என்பதே! ஒடுங்கிய மனம் ஒடுங்கிய இடத்திலேயே தன் தாகத்தோடு காத்திருந்தது. இத்தகைய இலயம் வேறு, மனநாசம் வேறு என்பார் பகவான். மனநாசம் அடைந்தவர் சூனியத்திற் கிடப்பதில்லை. அடுக்களையில் காய் நறுக்கினார், நூல்களைப் பிழைதிருத்தினார், இலட்சுமி என்னும் பசுவைப் பேணினார், வந்தோர் துயர் கேட்டார். ஹெகல் அஞ்சிய வெறுமைக்கு இம்மலையடிவாரமே விடை கூறியது.

அதே ஹெகல் நமக்கு உவப்பான மற்றொன்றையும் கூறினார். சமயம் கொள்கையளவில் நின்றால் முழுமை பெறாது. வழிபாட்டிலேயே அது நிறைவுறும். வழிபடுவோன் தன் தனித்த செருக்கை விட்டுக் கொடுத்து, இறைவனோடு தனக்குள்ள ஒருமையைச் செயலில் உணர்கிறான். ஈகையும் பலியும் அத்துறவின் வடிவங்கள் என்றார். கோயில் எதற்கு என்னும் நம் பெரியவரின் வினாவுக்கு இங்கே ஒரு கதவு திறக்கிறது.

நம் ஆகம மரபை எண்ணிப் பாருங்கள். சிவபூசையில் ஆசாரியர் முதலில் இலிங்கத்தைத் தொடுவதில்லை. ஆன்மசுத்தி, தானசுத்தி, திரவியசுத்தி, மந்திரசுத்தி, இலிங்கசுத்தி என்னும் ஐந்தனுள் ஆன்மசுத்தியே தலைமை பெறுகிறது. அகத்தே இதயத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து உட்பூசை ஆற்றிய பின்னரே புறப்பூசை தொடங்குகிறது. குடமுழுக்கிலும் மூர்த்தியினின்று கும்பத்திற்கும், கும்பத்தினின்று மீண்டும் மூர்த்திக்குமாகத் திருவருள் எழுந்தருளுகிறது. இன்று காலை விமானக் கலசத்தில் வீழ்ந்த நீரைக் கண்டு நாம் கைகூப்பினோம். உள் வேறு, புறம் வேறு என்று பிரிப்பது நம் கலக்கமே. ஆகமம் அவ்வாறு பிரிக்கவில்லை.

இதற்குச் சான்று வேண்டின் தொலைவு செல்லவேண்டா. பகவானின் அன்னையார் அழகம்மாள் 1922-இல் முத்தியடைந்தார். அச்சமாதியின்மேல் கல்லாற் கோயில் எழுப்பும் பணி 1939-இல் தொடங்கிற்று. மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949 மார்ச்சு 17 அன்று குடமுழுக்கு நிகழ்ந்தது. பகவானின் கையில் கொடுநோய் தோன்றியிருந்த காலம் அது. 'நான் யார்' என்று வினவச் சொன்ன அதே மகான், அவ்வுடல் நலிவோடும் திருப்பணியை நேரிற் கண்டு, கருவறைக்குள் எழுந்தருளி ஸ்ரீசக்கர மேருவைத் தம் திருக்கரத்தால் தொட்டு அருளினார். ஓராண்டு கழித்து 1950 ஏப்ரல் 14-இல் திருமேனி நீத்தார். கல்லும் சுதையும் வீண் என்றால் அவர் அவ்வாறு செய்திருப்பாரா? அருணாசலத்தைக் கல்மலை என்று மட்டும் எண்ணியிருந்தால் அட்சரமணமாலையைப் பாடியிருப்பாரா?

அப்படியாயின் உள்நாட்டமும் கோயில் வழிபாடும் எவ்வாறு ஒன்றாகும்? இரண்டுக்கும் பகை ஒன்றே. அது 'நான்' என்று இடையில் எழுந்து, அறிவையும் பொருளையும் இறைவனையும்கூடத் தனதாக்கிக்கொள்ளும் அகந்தை. விசாரம் செய்பவன் அதன் வேரை நோக்குகிறான். வழிபடுபவன் அதைத் திருவடியில் வைக்கிறான். ஃபிக்டே முடிவில் கண்டதும், ஷெல்லிங் நோய் என்று சுட்டியதும், ஹெகல் வழிபாட்டில் கரையும் என்றதும் இதுவே. ஆயினும் அம்மூவரும் சிந்தனையின் வழியே சென்று சிந்தனையிலேயே நின்றனர். சிந்திப்பவனும் ஒடுங்கும் இடம் ஒன்றுண்டு என்று வாழ்ந்து காட்டிய பெருமை அருணைக்கு உரியது.

இறைவன் உள்ளே இருக்கிறான் என்பதற்கு, வேங்கடாசலமாகவும் இராமசாமியாகவும் பெயர்பெற்று நடமாடும் இந்தச் சிறிய நானே இறைவன் என்று பொருளன்று. அவ்வாறு கொள்வது ஆணவத்திற்கு அபிடேகம் செய்வதாகும். இந்த நான் அடங்கிய இடத்தில் விளங்குவது இறை என்பதே பொருள். இந்த வேறுபாட்டை மறந்தவர்க்கு ஞானமும் கேடாகும். நினைவிற் கொண்டவர்க்குத் திருப்பணியும் தவமாகும்.

திருப்பணிச் செல்வர்களே, ஒன்று சொல்ல விரும்புகிறேன். குற்றம் கூறுவதாகக் கொள்ளற்க. நம் கோயில்களில் மணியிலும் விளக்கிலும் படிக்கல்லிலும் 'உபயம்' என்று எழுதிப் பெயர் பொறிக்கிறோம். அது தவறன்று. பிறரையும் ஈகைக்குத் தூண்டும். பின்வரும் மக்கள் தம் முன்னோரை நினைக்க உதவும். ஆனால் அப்பெயரைக் காணும்போதெல்லாம் 'நான் கொடுத்தேன்' என்று நெஞ்சம் நிமிருமாயின், கொடுத்த பொருளை நாமே திரும்ப எடுத்துக்கொண்டவர் ஆவோம்.

தென்மதில் கட்டுவித்த பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு அடியேன் கூறும் விடை இதுதான். ஐயா, நீர் கொடுத்தது வீணன்று. அம்மதிலில் உம் பெயர் பொறித்த கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அடுத்தமுறை கிரிவலம் வரும்போது அங்கே ஒரு கணம் நில்லும். அப்பெயரைப் படியும். பிறகு, 'இப்பெயருக்கு உரியவன் யார்?' என்று உம்மையே வினவும். விடை வரும்வரை நிற்கவேண்டா. வினாவோடு நடந்து கோயிலுக்குள் வந்து, அவ்வினாவையே மலராக இறைவன் திருவடியில் இடும். கொடுக்கவேண்டியதில் எஞ்சியிருப்பது அது ஒன்றே.

அருணாசலன் திருவருள் நம் அனைவர்க்கும் முன்னிற்பதாகுக. இத்திருக்கோயில் நெடிது நிலைபெறுக. திருப்பணி செய்தோரும், உடலால் உழைத்த சிற்பியரும் கொத்தரும் கூலியாட்களும், கண்டு மகிழ்ந்தோரும் எல்லா நலமும் பெற்று வாழ்க.